ஸ்டாண்ட் என்றால் நிற்பது மட்டுமா?

தலைமை தாங்கும் எங்கள் சலவைக்கூடச் சங்கத்தின் மூத்த சகோதரி அவர்களே! கொதிக்கும் நீராவிக்கு நடுவே குளிர்ந்த முகம் காட்டும் தாய்மார்களே! களைப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் களிப்போடு வந்திருக்கும் பெரியோர்களே! என் பணிவான வணக்கம்.

ஆங்கிலத்தில் ஸ்டாண்ட் என்றொரு சொல். பள்ளியில் என்ன பொருள் சொன்னார்கள்? நிற்பது. சிரிக்கிறீர்களே, பெஞ்சு மேல் ஏறி நின்றே அதைப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் போலிருக்கிறது! அதன் மற்ற பொருள்களை அகராதியைப் புரட்டியா தெரிந்துகொண்டேன்? இல்லை, என் அண்ணியால் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கும் மேசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் அண்ணி. புதிதாக வந்த மேலாளர், உட்கார்ந்தால் கை மந்தமாகும் என்று முக்காலிகளையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டார். மாலையானால் எங்கள் கால்கள் செருப்புக்குள் நுழைய மறுக்கும். ஒரு மதியம் அண்ணி துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வந்து நின்றார் மேலாளர். "ஐ கான்ட் ஸ்டாண்ட் திஸ்!" என்று கத்தினார்.

அண்ணி பதறி எழுந்து கூடையை அவர் பக்கம் தள்ளினார். "ஐயோ பாவம், நிக்க முடியலையா சார்? இந்தாங்க, உட்காருங்க!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. மேலாளர் முகம் சிவந்து போய்விட்டார். நான் அண்ணியின் காதோடு சொன்னேன்: "அர்த்தம் அது இல்ல அண்ணி. நீங்க உட்கார்ந்ததை அவரால சகிக்க முடியலையாம்."

அண்ணி சிரிக்கவில்லை. வீங்கிய பாதங்களைப் பார்த்தார். "நாம மட்டும் இத்தனை நாள் எப்படிம்மா சகிச்சோம்?"

அடுத்த வாரம் தொழிலாளர் குழுத் தேர்தல். "ஹூ வில் ஸ்டாண்ட்?" என்று கேட்டார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம்; ஒரு கை உயரவில்லை.

"இப்ப என்ன கேக்கறாங்க?"

"தேர்தல்ல யார் நிக்கறாங்கன்னு, அண்ணி."

"காலையில இருந்து நிக்கிறவதானே, இதுலயும் நின்னுட்டுப் போறேன்!"

நின்றார்! வென்றார்! பேச்சுவார்த்தைக்கு எங்களையும் அழைத்துக்கொண்டு சென்றார். முதலாளியம்மா மெத்தை நாற்காலிகளைக் காட்டினார். அண்ணி அசையவில்லை. "வேண்டாம்மா. எங்க மேசைக்கு முக்காலி வர்ற வரைக்கும் நின்னே பேசறோம்."

சுற்றிலும் நாங்கள் நிற்க, உட்கார்ந்திருக்கக் கூசி முதலாளியம்மாவும் எழுந்தார். மேலாளரும் எழுந்தார். பேச்சு நீண்டது. உடம்பு முடியாதவர்களுக்கு மட்டும் முக்காலி என்றார் மேலாளர். "வலி எல்லாருக்கும்தானே சார்?" என்றார் அண்ணி. மேலாளர் அலமாரியில் சாய்ந்தார். முதலாளியம்மா குதிகால் செருப்பைக் கழற்றினார். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா நிக்கிறது?"

"எங்க ஷிப்ட் முடியற வரைக்கும்மா."

அந்த அம்மா மேலாளர் பக்கம் திரும்பினார். "இவங்க கேக்கறதைக் குடுத்துடுங்க."

"வேலை மெதுவாகும், மேடம்…"

"நான் நின்னு பார்த்துட்டேன். குடுங்க!"

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! சகிப்பதும் ஸ்டாண்ட். தேர்தல் களம் காண்பதும் ஸ்டாண்ட். பக்கத்தில் துணையாய் இருப்பதும் ஸ்டாண்ட். கொண்ட கொள்கையில் குன்றென உறுதி காப்பதும் ஸ்டாண்ட்! இத்தனையையும் ஒரே உடம்பில் தாங்கியவர் இதோ, மேடை ஓரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறார்.

புது முக்காலிகளில் அமர்ந்திருக்கும் என் சொந்தங்களே! இன்று யாரும் நம்மை நிற்கச் சொல்லவில்லை. நாமாகவே எழுவோம், அண்ணிக்காக!

எழுந்த கால்களுக்கும் தட்டிய கைகளுக்கும் நன்றி. வணக்கம்!