மங்களத்தின் கைராசி

நெத்திலிக்குத் தலை கிள்ளாமல் சம்பல் வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. மங்களம் கிள்ளமாட்டாள். வாங்கிய நெத்திலியை அப்படியே அலசி, அப்படியே எண்ணெயில் போடுவாள். கேட்டால், "தலையிலதான் டீச்சர் ருசியே இருக்கு" என்பாள். சோம்பலுக்கு ருசி என்று பெயர் வைத்துக்கொள்வது சிலருக்குச் சுலபமாக வருகிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் புனிதா, நீங்கள் என்னிடம் கேட்டதே சாப்பாட்டைப் பற்றித்தான். தூக்குச்சட்டி யாருடையது, சம்பல் யார் வைத்தது, யார் சூடாக்கிக் கொடுத்தது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள். ஓய்வு பெறும்வரை ஆரம்பப்பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் இருக்கும் வீடு என் அப்பா மயில்வாகனம் கட்டியது. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தது. அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெசராக இருந்தார். மரம் சீவுகிறவர்களுக்குக் காய்ச்சல் என்றாலும், காலில் கத்தி பட்டாலும் அப்பாவின் வாசலில்தான் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மங்களம், இளையவள் தினேஸ்வரி. என் தம்பி மதீசன் படித்தான், இன்ஜினியர் ஆனான், கடைசியில் போய்க் கட்டிக்கொண்டது தினேஸ்வரியை. அப்பா பல வருடம் அவனோடு பேசவில்லை. அப்பாவுக்காக நானும் பேசவில்லை. பிறகு பேத்தி பிறந்ததும் அப்பா பேசத் தொடங்கிவிட்டார். அப்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிலிம் ரிவர் பக்கம் நெடுஞ்சாலையில் மழைக்குக் கார் சறுக்கி மதீசனும் தினேஸ்வரியும் போனபோது, பிள்ளை கிருஷாந்திக்கு மூன்று வயது. அன்று அவளை மங்களத்தின் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் பிழைத்தாள். மங்களம் அதையே ஒரு பாத்தியதையாகப் பேசினாள். அவளுக்கும் அவள் புருஷன் பிச்சைமுத்துவுக்கும் பிள்ளை இல்லை. எனக்குக் கலியாணமே இல்லை. நடுவில் ஒரே ஒரு பிள்ளை. அப்பா இரண்டு பக்கத்தையும் லகாட் வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளை இங்கே வளரட்டும், மங்களம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கட்டும் என்று தீர்த்துவைத்தார்.

தீர்த்துவைத்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருடம் அப்பா படுக்கையில் விழுந்தார். மலம் அள்ளியது நான், புண்ணுக்கு மருந்து போட்டது நான். இறந்த பிறகு உயிலை வாசித்தார்கள். வீடு பேத்திக்கு. அவளுக்குப் பதினெட்டு வயது வரும்வரை அவளை வைத்து வளர்ப்பவர் அங்கே குடியிருக்கலாம் என்று ஒரு வரி. என் பெயர் எங்கேயும் இல்லை. வளர்ப்பவர். அவ்வளவுதான் நான். பிள்ளை என் கையை விட்டுப் போனால் வீடும் போகும் என்பது பிச்சைமுத்துவுக்கு விளங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. வழக்கறிஞரைப் பார்த்து, பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டுவிட்டான். அவன் லாரி ஓட்டுகிறவன்தான், ஆனால் முட்டாள் இல்லை.

வீட்டுக்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது கேவலமாக இருக்கும்.

பிள்ளை என் சமையலைச் சாப்பிடமாட்டாள். புட்டு அவித்துக் கொடுத்தால் உதிர்த்துக் கொண்டே இருப்பாள். "சாப்பிடு பிள்ளை" என்றால், "பெரியம்மா எப்ப வருவாங்க, மாமி?" என்பாள். ஞாயிற்றுக்கிழமை மங்களம் மோட்டார் சைக்கிளின் பின்னால் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். மரவள்ளிக்கிழங்கு, நெத்திலிச் சம்பல். பிள்ளை வாசல்படியிலேயே உட்கார்ந்து விரலைச் சூப்பிச் சூப்பித் தின்னும். மங்களம் என்னைப் பார்த்து, "எங்கூட்டுப் புள்ள லா, காரம் பழகிருச்சு" என்று சிரிப்பாள். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

முதல் தடவை நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அது வெயிலில் வந்த சாப்பாடு, கெட்டுப்போயிருந்தது. மங்களம் போனதும் பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. அன்று மாலை முழுதும் அவள் என் தோளைவிட்டு இறங்கவில்லை. இரண்டு கைகளையும் என் கழுத்தில் போட்டு இறுக்கிக்கொண்டு, "மாமி, மாமி" என்று அனத்திக்கொண்டே இருந்தாள். அதுவரை என்னை அப்படிப் பிடித்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. உடம்பு தேறியதும் இறங்கி விளையாடப் போய்விட்டாள்.

இரண்டாவது தடவைக்கு நான் காத்திருந்தேன். தானாக வரவில்லை.

அப்பாவின் மருந்து அலமாரியில் பேதியாவதற்குக் கொடுக்கும் தூள் இருந்தது. தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் அப்பா கொடுப்பார். விஷம் ஒன்றுமில்லை. நான் கொஞ்சம் கூட்டிப் போட்டேன், அவ்வளவுதான். மங்களத்தின் சட்டியில், மங்களத்தின் சம்பலில், காரத்தோடு காரமாக. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் நடந்தால் எவரும் யோசிப்பார்கள். எப்போதாவது நடந்தால் பயப்படுவார்கள்.

நான் யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். பிள்ளையை மயக்கித் தன் பக்கம் இழுக்க மங்களம் சாப்பாட்டில் மருந்து வைக்கிறாள் என்று அவளுடைய சொந்தக்காரர்களே சொன்னார்கள். வீட்டுக்காக வைக்கிறாள் என்று என் பக்கத்தார் சொன்னார்கள். மங்களம் துடித்துப்போனாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்கிறேன் என்று எல்லோரையும் வரச் சொன்னாள். ரப்பர் மரமெல்லாம் போய்த் தோட்டமே எண்ணெய்ச் செம்பனை ஆகிவிட்டது, கோயில் மட்டும் நிற்கிறது. நானும் போனேன்.

உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். "ஆத்தா, என் தங்கச்சி புள்ளைக்கு நான் ஏதும் வச்சிருந்தா இந்தக் கை வெந்து போவட்டும்" என்றாள். சொல்லிவிட்டுக் கையை மூடி அணைக்க வேண்டியதுதானே. அவள் அழுதுகொண்டே நின்றுவிட்டாள். சூடம் கையிலேயே கடைசிவரை எரிந்தது. தோல் பொங்கிக் கொப்பளம் எழும்பிவிட்டது.

மங்களம் தன் கையையே பார்த்தாள். நெருப்புப் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது என் மூன்றாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும். அதை நான் அங்கே சொல்லியிருக்கலாம். கைப்பையிலிருந்து களிம்பை எடுத்துப் பூசிவிட்டேன். "நான் வைக்கல டீச்சர், சத்தியமா வைக்கல. ஆனா என் கைராசி சரியில்ல போல" என்றாள். பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். என்னைச் சத்தியம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டிரெசர் மகளை, அதுவும் ஒரு டீச்சரை, எப்படிக் கேட்பார்கள்.

வழக்கு அதோடு முடிந்த மாதிரிதான். நீதிபதி அம்மா பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, "பெரியம்மா சாப்பாடு சாப்பிட்டா வயிறு வலிக்கும், மாமிதான் பாத்துக்குவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்ல நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவளுக்கு உண்மை.

பிறகு மங்களம் தூக்குச்சட்டியோடு வருவதை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்குத் துணி கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டுப் போவாள். பிள்ளையைத் தொட்டால்கூட இடது கையால்தான் தொடுவாள். கிருஷாந்தியும் மாறிவிட்டாள். கல்யாண வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். பள்ளிக் கேண்டீனில் சாப்பிடமாட்டாள். பிறந்தநாள் கேக் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். நான் கட்டிக் கொடுத்தது மட்டும்தான். மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள். சுத்தமான பழக்கம்தானே, நான் அதைக் கெடுக்கவில்லை. பேதித் தூளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பதினைந்து வருடம் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்குத் தன் பிள்ளை என்று தனியாக ஒன்று இல்லை, இவள்தான்.

வயது வந்ததும் வீடு அவள் பெயருக்கு மாறியது. மாறினால் என்ன, நான்தானே கூட இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் பிச்சைமுத்து செத்துப்போனான். மங்களம் இருக்கும் தோட்டத்து லயத்து வீடுகளையும் இடிக்கப் போகிறார்கள். முந்தாநாள் கிருஷாந்தி ஈப்போவில் கல்லூரி முடிந்து நேராக சுங்கை சிப்புட்டுக்குப் போயிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வந்தாள். கையில் அந்தப் பழைய தூக்குச்சட்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"மாமி, பெரியம்மா வீட்ல சாப்பிட்டேன். ரெண்டு தட்டு. அவங்க போட மாட்டேன்னு அழுதாங்க, நான்தான் சட்டிய புடுங்கிப் போட்டுக்கிட்டேன். ஒண்ணுமே ஆகல மாமி."

"ஆகாட்டி நல்லது" என்றேன்.

"அவங்கள இங்க கூட்டிட்டு வரப்போறேன். தாத்தா ரூம் சும்மாதானே கிடக்கு லா." பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சின்ன வயசுல மட்டும் ஏன் மாமி அப்படி ஆச்சு?" என்றாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆனால் அவள் நான் வளர்த்த பிள்ளை. ஒரு சோதனையில் முடிவு மாறினால் எது மாறியது என்று தேட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் தேடியிருப்பாள். அதுவும் மங்களம் அப்பாவின் அறையில் படுத்துக்கொண்டு, என் அடுப்பில் தலை கிள்ளாத நெத்திலியை வறுத்துக்கொண்டு, பிள்ளை வாசல்படியில் உட்கார்ந்து விரலைச் சூப்பித் தின்றால். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

சட்டியில் மிச்சம் சம்பல் இருந்தது. காலையில் நான்தான் சூடாக்கினேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் அது. பேதித் தூள் என்றைக்கோ கட்டிதட்டிப் போயிருந்தது. அதனால் மேல்தட்டிலிருந்த போத்தலை எடுத்தேன். அதன்மேல் அப்பா சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை, சட்டியில் எதையும் கவனிக்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். போட்டிருந்தேன்.

அவள் ஆசையாகச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் பிடித்த மாதிரியே. ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. ஆஸ்பத்திரியில்தான் அந்தக் கைகளைப் பிரித்து எடுத்தார்கள்.

நானாகவே ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். உங்களுக்குச் சந்தேகம்கூட என்மீது இல்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் பிடித்து வைத்திருந்தது மங்களத்தை. அவளும் மறுக்கவில்லை. "ஆமாம்மா, நான்தான் கொன்னேன், என் கைதான் என் புள்ளைய தின்னுருச்சு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னிலையிலும் மார்பில் அடித்துக்கொண்டாள். அந்தப் பழைய தழும்பை எல்லோருக்கும் காட்டினாள். விலங்கு போட வந்த உங்கள் பெண் போலீஸ்கூட அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்காரவில்லை.

மூன்று வயதில் பிள்ளையின் உயிரைக் காத்தது தான்தான் என்று மங்களம் சொல்லி வந்தாள். இப்போது கொன்றதும் தான்தான் என்று சொல்கிறாள். எப்போதும் அவள்தானா? அந்தப் பிள்ளையை வளர்த்தது நான். அவளுக்கு என்ன நடந்ததோ அது என் கையால் நடந்தது. அதில் மங்களத்துக்குப் பங்கு கிடையாது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கைராசி என்று ஒன்று இல்லை என்றும் யாராவது சொல்லுங்கள், எனக்குச் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அதற்கு முன் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், விசாரித்துப் பார்த்தால் அக்கம்பக்கத்தாரும் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் நான் சமைத்ததைச் சாப்பிட்டு அந்தப் பிள்ளைக்கு ஒருநாள்கூட வயிறு வலித்தது இல்லை.