தேர்தல் முடிகிற வரைக்கும்

எனக்குப் படிவம் நிரப்பப் பிடிக்கும். பலருக்கு அதைப் பார்த்தாலே தலைவலி வரும். எனக்கு மனசு அடங்கும். மிசிசிப்பியில், எங்கள் டன்மோர் மாவட்டத்துப் பள்ளி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் அதுதான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் சர்ச்சில் யாராவது ஒரு தாளை நீட்டி, "மிஸ் வெர்னா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார்கள். ரோனெட் மீக்ஸும் அப்படித்தான் வந்தாள்.

அவளுக்கு நாற்பத்தோரு வயது. கெளுத்தி மீன் ஆலையில் வெட்டுகிற வரிசையில் நின்றாள். வாரத்துக்கு இருபத்தொன்பது மணி நேரம். முப்பதைத் தொட்டால் ஆலை அவளுக்குக் காப்பீடு தரவேண்டியிருக்கும். ஏழைகளுக்கான அரசு மருத்துவ அட்டைக்கு அவள் சம்பளம் அதிகம். மானியத்தில் தனியார் காப்பீடு எடுக்க அதே சம்பளம் குறைவு. நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தை மூட மத்திய அரசு வருஷக்கணக்காகப் பணம் தருகிறேன் என்றது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் எங்கள் ஆளுநர் கிளிஃப் ஹார்கெட்.

ரோனெட்டுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. இரண்டு தடவை ஆலையிலேயே மயங்கி விழுந்தாள். இந்த வருஷத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும் என்றார் கிளினிக் டாக்டர். ஜூலை மாதம் நான்தான் தேடிப்பிடித்து, மெம்ஃபிஸில் சர்ச் நடத்துகிற ஒரு மருத்துவமனையின் தர்ம நிதிக்கு அவளுக்காக விண்ணப்பம் போட்டேன். பதினோரு பக்கம். அவள் போன் அடிக்கடி துண்டிக்கப்படும் என்பதால் என் எண்ணைக் கொடுத்தேன். கடிதம் வரவும் என் முகவரி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், டிடெக்டிவ். அவளுக்காக யாரும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதபோது நகர்த்தியவள் நான்.

ஆகஸ்டில் ஆளுநர் தேர்தல் வேட்பாளர்கள் விவாதம். ஹார்கெட்டை எதிர்த்து நின்ற டேல் ரஃபின், எங்கள் ஆள், மத்திய அரசின் பணத்தை முதல் நாளே வாங்குவேன் என்றார். ஹார்கெட் சிரித்தார். "வேலை செய்ய ஒடம்புல தெம்பு இருக்கறவனுக்கு எதுக்குங்க இலவசம்? நிஜமா நோயாளின்னா நம்ம ஊர்ல யாரையும் தெருவுல விட்டுட மாட்டோம். சர்ச் இருக்கு, அக்கம்பக்கம் இருக்கு. அரசாங்கம் எதுக்கு நடுவுல?" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் சத்தம் போடுகிறவள் இல்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். ஒரு தட்டு என் கையிலேயே உடைந்தது. மறுநாள் காலை ரஃபினின் பிரசார அலுவலகத்துக்குப் போய்த் தொண்டராகப் பெயர் கொடுத்தேன்.

ரஃபினுக்கு விளம்பரம் எடுக்கிற பிரெஸ்டன் கேஜ் என்பவர், காப்பீடு இல்லாத ஒரு நிஜ ஆள் வேண்டும் என்றார். ரோனெட்டின் சமையலறையில் வைத்துப் படம் எடுத்தோம்.

"முன்பல்லு ரெண்டு இல்ல, மிஸ் வெர்னா. என்னைக் காட்டினா ஓட்டு கூடுமா, கொறையுமா?"

"வாயை மூடிக்கிட்டே சிரி, கண்ணு."

"அப்ப நான் பேச வேணாமா?" என்று கேட்டு, இரண்டு பல் இல்லாமலே சிரித்தாள். அதைத்தான் பிரெஸ்டன் வைத்துக்கொண்டார். கடைசியில் அவள் சொல்வாள்: "நான் வேலை செய்றேன். ஆனா எனக்கு ஆபரேஷன் பண்ண இந்த மாநிலத்துல வழி இல்ல." கருத்துக்கணிப்பில் பன்னிரண்டு சதவீதப் புள்ளி பின்தங்கியிருந்த ரஃபின், செப்டம்பர் முடிவதற்குள் நாலு புள்ளிக்கு வந்துவிட்டார்.

பிரெஸ்டன் அப்போது என்னிடம் ஒன்று சொன்னார். "அவங்களுக்கு வேற ஏதாவது வழி கெடச்சா உடனே சொல்லிடுங்க. அன்னிக்கே விளம்பரத்தை எடுத்துடணும். இல்லன்னா ஹார்கெட் ஆளுங்க நம்மளைப் பொய்க்காரங்கன்னு முடிச்சிடுவாங்க." அவர் நேர்மையாகத்தான் சொன்னார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அக்டோபர் பத்தாம் தேதி மெம்ஃபிஸ் கடிதம் வந்தது. பதினெட்டாம் தேதி அறுவை, எல்லாமே இலவசம், தொலைபேசியில் உறுதிப்படுத்தவும் என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மூன்று மாதம் வாயைத் திறக்காத சர்ச், தேர்தலுக்கு நாலு வாரம் இருக்கும்போது வாயைத் திறக்கிறது. ரோனெட் அந்த அறுவை மேசையில் படுத்தால் ஹார்கெட் சொன்னது நிஜமாகிவிடும். சர்ச் பார்த்துக்கொண்டது, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டது, அரசாங்கம் எதற்கு. அந்த அக்கம்பக்கம் நான்தான், டிடெக்டிவ். அந்த ஆளை ஜெயிக்கவைக்க நானே பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோழியும் சோறும் சேர்த்து அடுப்பில் வேகவைத்து எடுத்துக்கொண்டு ரோனெட்டைப் பார்க்கப் போனேன். அவள் இப்போது படுப்பதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்றான் அவள் கணவன் வெண்டல். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"மெம்ஃபிஸ்லேர்ந்து ஏதாவது சேதி வந்துச்சா, மிஸ் வெர்னா?"

"இன்னும் இல்ல, கண்ணு. இதெல்லாம் கொஞ்சம் லேட்டாகும்."

"பரவால்லங்க. என்னை விட மோசமா எத்தனையோ பேரு இருப்பாங்கல்ல."

பாதி சாப்பிட்டுவிட்டு, மீதியை வெண்டலுக்கு மூடி வைத்தாள்.

அக்டோபர் இருபத்தாறு, வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்கு, மீன் வெட்டுகிற வரிசையிலேயே விழுந்தாள். ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் கழித்து வந்தது. எங்கள் மாவட்ட மருத்துவமனையை இழுத்து மூடி மூன்று வருஷம் ஆகிறது. அதையும் நான் செய்யவில்லை.

பிரெஸ்டன் அழுதார். பிறகு வெண்டலிடம் அனுமதி கேட்டு, அதே விளம்பரத்தின் முடிவில் அவள் பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் சேர்த்தார். பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். அப்புறம் போய் ஹார்கெட்டுக்கு ஓட்டுப் போட்டார்கள். இரண்டு புள்ளியில் தோற்றோம். மாநிலம் முழுக்க இரண்டே புள்ளி. இவர்களுக்கு இன்னும் எத்தனை பிணம் காட்டினால் போதும் என்று அன்றைக்கு எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

டிசம்பரில் வெண்டல் என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். மெம்ஃபிஸ் மருத்துவமனையின் வேறு ஏதோ பிரிவு, படிவத்தில் இருந்த அவன் வீட்டு முகவரிக்கு இன்னொரு கடிதம் போட்டுவிட்டது.

"மிஸ் வெர்னா, இதுல என்னமோ போட்டிருக்கு. 'நீங்கள் போனில் கேட்டுக்கொண்டபடி நவம்பர் எட்டு வரை தள்ளிவைத்தோம், அதற்குப் பின் தகவல் இல்லை'ங்கறாங்க. அவ யாருக்கும் போன் பண்ணலீங்க. எங்க போனே அப்ப வேலை செய்யல. யாரு பண்ணிருப்பா?"

அவன் கத்தவில்லை. படித்த ஒருத்தி விளக்கிச் சொல்வாள் என்று நம்பி வந்திருந்தான். உள்ளே வா, சூடாக ஏதாவது குடி என்றேன். வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன், தொப்பியைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டான்.

ஆமாம், போன் செய்தது நான்தான். அக்டோபர் பதினொன்று, காலை ஒன்பதரை. ரோனெட் மீக்ஸ் பேசுகிறேன் என்றேன். பிறந்த தேதி கேட்டார்கள், சொன்னேன். வீட்டில் ஒரு வேலை இருக்கிறது, நவம்பர் எட்டு வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். தேர்தலுக்கு மறுநாள் அது. அந்த நர்ஸ் அன்பான பெண். தள்ளிப்போடலாமா என்று முடிவு செய்ய இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்றாள்.

"சமீபத்துல மயக்கம் வந்துச்சாங்க?"

"இல்ல."

"படுத்தா மூச்சு முட்டுதா?"

"இல்லம்மா. நல்லா தூங்கறேன்."

அப்படியென்றால் காத்திருக்கலாம் என்றாள். நன்றி சொன்னேன்.

கொலை என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். ஹார்கெட் பல வருஷம் தள்ளிப்போட்டார். அவர் கையைக் குலுக்குகிறார்கள். நான் தள்ளிப்போட்டது மூன்றே வாரம். அதுவும் ரோனெட் மாதிரி இரண்டு லட்சம் பேருக்காக. அவளுக்கும் அதுதான் ஆசை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் அவளிடம் கேட்கவில்லை.