அம்மாவின் தங்க ரேக்கு

நெருங்கி உட்காருங்க. நடுவுல எவனாவது சிரிச்சா எழுந்து போயிருவேன்... நம்ம கோ லின் இருக்கானே, அவன் பெரியம்மாவுக்கு நடந்தது இது.

சாயங்காலம் ஆறரை. கடைசி லாரியும் இறங்கிப் போயாச்சு. நம்ம பர்மாவுல தங்கப் பாறை இருக்குற சைக்தியோ மலைப்பாதையில ரெண்டே பேர் நடந்து இறங்குறாங்க. அந்தப் பெரியம்மா மா சான் யீயும், அவ தம்பி தெட் ஊவும். பனின்னா பனி... முன்னால போறவன் முதுகே தெரியாது.

அவங்க அம்மா செத்து மாசம்கூட ஆகல. அவ தோட்டை உருக்கி அடிச்ச தங்க ரேக்கை மேல இருக்குற தங்கப் பாறையில ஒட்டணும். அதுக்குத்தான் வந்தாங்க. அந்த அம்மா வருஷா வருஷம் மலை ஏறினவ. பாறையைத் தொட்டதே இல்ல. பொம்பளைங்களுக்கு கேட்டோட சரி. ரேக்கை ஆம்பளை கையில கொடுத்துட்டு வெளிய நிக்கணும். சாகுறப்பகூட "என் கையால ஒரு தடவை..."ன்னு ஆரம்பிச்சா. முடிக்கல.

அன்னைக்கும் அதே கதைதான். சான் யீ பொட்டலத்தைத் தம்பிகிட்ட கொடுத்தா. உள்ள போனான், வந்தான், ஒட்டியாச்சுன்னான்.

பாதி வழியில... சர்ரக். சர்ரக். பின்னால செருப்பு தேயுது. இவங்க நின்னா அதுவும் நிக்குது. அப்புறம் அந்த வாசனை. அம்மா கன்னத்துல பூசுற தனக்கா மரக்கட்டை அரைச்ச வாசனை... கூடவே புளிச்ச ரப்பர் பால் நாத்தம். அம்மா ரப்பர் தோட்டத்துல ஷீட்டு பிழியுற மெஷின்ல நின்னவ. வலது கை நடுவிரலை அந்த மெஷின்தான் தின்னுச்சு.

சான் யீக்குப் பயம் வரல. ஆத்திரம்தான் வந்துச்சு. ரெண்டு கையாலயும் தம்பி சட்டையைக் கொத்தாப் பிடிச்சா.

"அம்மா எதுக்குடா பின்னால வர்றா? ஒட்டுனியா இல்லையா?"

"ஒட்டிட்டேன்னு எத்தனை தடவை சொல்..."

பளார்.

சான் யீயோட ரெண்டு கையும் அவன் சட்டையிலதான் இருந்துச்சு.

கன்னத்தைப் பொத்திக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டான். லுங்கி மடியிலேர்ந்து பொட்டலம் விழுந்துச்சு. வித்துக்கலாம்னு வச்சிருந்திருக்கான், படுபாவி. பெத்தவ காதுல கிடந்த தங்கம்யா அது! கட்டின நூல் கட்டினபடியே இருக்கு. பிரிச்சுப் பார்த்தா... வெறும் காகிதம்.

ராத்திரி வழியில ஒரு டீக்கடைக் கொட்டகையில கிடந்தாங்க. அவன் கன்னத்துலேர்ந்து கையை எடுக்கவே இல்ல. விடிஞ்சதும் அவனை இழுத்துக்கிட்டு மேல ஏறினா. பொம்பளைங்க நின்னு பார்க்கிற கீழ்முற்றத்துல போய் நின்னா. பனி விலகுச்சு.

பாறையோட அந்தப் பக்கம்... பள்ளத்துக்கு மேல தொங்குற பக்கம். அங்க நிக்க இடம் கிடையாது. எந்த ஆம்பளை கையும் எட்டாது. மழையில மங்கிப்போன பழைய தங்கத்து மேல, பளபளன்னு புதுத் தங்கத்துல ஒரு கை. நடுவுல ஒரு விரல் இல்ல.

சான் யீ கும்பிடல. தம்பி பக்கம் திரும்பினா.

"கன்னத்துலேர்ந்து கையை எடுடா. பொருத்திப் பார்க்கணும்."