பதினோராவது கையெழுத்து

கோயம்புத்தூரில் மென்பொருள் தொழிலில் முன்னுக்கு வரக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மனிதர்களிடம் கையெழுத்து வாங்கத் தெரிந்தால் போதும். இன்ஸ்பெக்டர் ஐயா, உங்களுக்கு இது புரியும். உங்கள் வேலையும் பாதி அதுதானே.

பதினாறு வருடமாகப் பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கிறேன். பம்பு செட் கம்பெனி, நூற்பாலை, கல்லூரி எல்லாம் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் ஒரே ரகம்தான். திரையில் எதைக் காட்டினாலும் "செரிங்க" என்பார்கள். புரிந்ததா என்று கேட்டால் அதற்கும் "செரிங்க". புரியவில்லை என்று சொன்னால் எதிரே இருப்பவர் மனம் நோகுமாம். இந்த ஊர் மரியாதையைப் புகழாத ஆள் இல்லை. எனக்கு அது சோம்பேறித்தனத்துக்குக் கட்டிவிட்ட வெள்ளை வேட்டியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அதை வைத்துத்தான் நான் மேலே வந்தேன், குறை சொல்லக் கூடாது.

அவிநாசி சாலை மருத்துவமனை வேலையைக் குறித்த தேதியில் முடித்தால் தென்னிந்தியப் பிரிவுக்கே நான் தலைவர். அதற்குப் பதினொரு துறைத் தலைவர்கள் மென்பொருளைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். பத்துப் பேர் படிக்காமலே போட்டார்கள். பதினோராவது ஆள் தலைமை நர்ஸ் விமலாராணி. அந்த அம்மா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிச் சோதித்தார்.

அதில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. நோயாளிக்கு ஒவ்வாத மருந்தை எடுத்தால் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்து நிற்கும். அதை மூடினால்தான் மேலே போக முடியும். அதுவரைக்கும் அங்கே, ஒவ்வாமை உள்ளவர்களின் கட்டிலில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். காகிதமே இல்லாத மருத்துவமனை என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அட்டை போயாக வேண்டும்.

"அட்டைய எடுத்துப்போட்டா, இந்தப் பெட்டி தவறாம வருமுங்களா தம்பி?" என்று கேட்டார்.

"வருமுங்கம்மா" என்றேன்.

"அப்பச் செரிங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

பெட்டி வந்தது, ஒன்பது நாள். டாக்டர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மருந்து எழுதுவதற்குள் நாலு தடவை குறுக்கே வருகிறதாம். என் மேலிடத்துக்குப் புகார் எழுதப் போவதாகச் சொன்னார்கள். உயிர் காக்கப் படித்தவர்களுக்கு ஒரு பெட்டியை மூடப் பொறுமை இல்லை. நான் வாதாடவில்லை, எச்சரிக்கையை மொத்தமாக அணைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் பதினொரு கையெழுத்து வாங்க வேண்டும்.

சூலூரிலிருந்து வர்ஷினி என்று ஒரு பெண், பத்தொன்பது வயது. குடல்வால் அறுவை முடிந்து, மயக்கம் தெளியாமல் கிடந்தாள். பென்சிலின் ஆகாது என்று சேர்க்கும்போதே கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. டாக்டர் அதையே எழுதினார். விமலாராணி கட்டிலைப் பார்த்தார், அட்டை இல்லை. திரையைப் பார்த்தார், பெட்டி இல்லை. ஊசியைப் போட்டார். அரை மணி நேரத்தில் அந்தப் பெண் இறந்துபோனாள்.

செய்தி வந்ததும் எச்சரிக்கையைத் திரும்பப் போட்டேன். நான் அணைத்ததற்கான வரியைக் கம்ப்யூட்டர் தானாகவே எழுதிவைக்கும் பதிவேட்டிலிருந்து அழித்தேன். புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: எச்சரிக்கை காட்டப்பட்டது, விமலாராணி மூடினார். மணி, நிமிடம், நொடி எல்லாம் பொருத்தமாக இருந்தது.

மருத்துவமனை விசாரணையில் அந்த வரியை அச்சடித்த தாளை அவர் கையில் கொடுத்தார்கள். பெட்டி வந்தது என்று நானும் சொன்னேன். இல்லவே இல்லை என்று சண்டைக்கு நிற்பார் என எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"பெட்டி வந்த ஞாபகமே இல்லீங்க. ஆனா கம்ப்யூட்டரு பொய் சொல்லுமுங்களா? சாய்சரண் தம்பியும் வந்துச்சுன்னு சொல்றாரு. நாந்தான் பாக்காம மூடிப்போட்டனாட்டம் இருக்குதுங்க" என்றார்.

இருபத்தேழு வருட நர்ஸ். சொந்தக் கண்ணை விட்டுவிட்டு என் தாளை நம்பினார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். மருத்துவமனை அவரை வேலையை விட்டு நீக்கியது, உங்கள் ஆட்கள் கைது செய்தார்கள். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

என்னிடம் வேலை பார்த்த பாலகோபால் உங்களிடம் கொடுத்திருக்கும் பழைய பதிவேட்டின் நகல் சரியானதுதான். அணைத்தது நான். அழித்தது நான். அந்த அம்மாவின் பெயரில் வரியை எழுதியதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை.

ஆனால் நாளைக்குப் பத்திரிகைகள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதும். அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாமீனில் வந்த மறுநாள் விமலாராணி என் அலுவலகத்தைத் தேடி வந்தார். வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"அந்தப் புள்ளையோட அம்மா கால்ல உழுந்துட்டு வாரேனுங்க. என்னால உங்க வேலைக்கும் கெட்ட பேராகிப் போச்சு. உங்களையும் பாத்து மன்னிப்புக் கேக்கோணும்னு தோணுச்சுங்க தம்பி" என்று சொல்லி அழுதார்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா என்று ஆறுதல் சொன்னேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.