உரிமை: யாருக்கும்

1. என் பெயர் ந. சிவசண்முகம். திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன்.

2. மறைந்த பேராசிரியர் தாணுமாலையன் அவர்களுக்கு நான் உறவினன் அல்லன், மாணவனும் அல்லன். நண்பன். சில மாதங்களாக அவருடைய வழக்கறிஞரும்கூட.

3. அவரைப் பிரதிவாதிகளில் ஒருவராகச் சேர்த்துத் தொடரப்பட்ட வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஆகவே வாதியான நிறுவனத்தின் பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவுமே சொல்வேன்.

4. துயரத்திலும் கோபத்திலும் நாக்கு தவறிவிடக் கூடாது என்பதற்காக எழுதி வந்து படிக்கிறேன். படித்து முடித்ததும் இதன் அடியில் கையொப்பமிடுவேன். இரங்கல் உரைக்குக் கையொப்பம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முடிவில் விளங்கும்.

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, சேரன்மகாதேவியிலிருந்தும் கோபாலசமுத்திரத்திலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார் திருமதி சண்முகசுந்தரி அம்மையார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பேராசிரியர் தாணுமாலையன் யார்? தாவரவியல் துறைத் தலைவர் என்று கல்லூரிப் பலகை சொல்கிறது. 'வாழை வாத்தியார்' என்று ஆற்றங்கரை ஊர்கள் சொல்கின்றன. அந்த நிறுவனம் பார்த்துக் காப்பியடித்த செய்முறையைக் கண்டுபிடித்தவர் என்று... இல்லை, தவறாகப் படித்துவிட்டேன். மன்னிக்கவும். கோபாலசமுத்திரம் மகளிர் சங்கத்தோடு சேர்ந்து அந்த நிறுவனத்தின் செய்முறையைக் காப்பியடித்தவர் என்று ஒரு வக்கீல் நோட்டீஸ் சொல்கிறது. நான் முதலில் படித்த வரியைத் தலைகீழாக வைத்தால்தான் இந்த நோட்டீஸை எழுத முடியும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தாமிரபரணிப் பாசனத்தில் ரசகதலி பயிரிடுகிறவர்களுக்கு வாடல் நோய் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இலை மஞ்சளாகும், தண்டு அடியில் பிளக்கும், குலை தள்ளுவதற்குள் தோட்டம் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த தோட்டங்களின் நடுவே ஒன்றிரண்டு மரங்கள் மட்டும் நிமிர்ந்து நிற்பதை எல்லாரும் பார்த்தோம். விதி என்று சொல்லிவிட்டுப் போனோம். தாணுமாலையன் குனிந்து அந்த மரங்களின் வேரடி மண்ணை அள்ளினார். அதில் ஒரு நுண்ணுயிர் இருந்தது. அது வேரைச் சுற்றி இருந்துகொண்டு நோயைக் கிட்டே விடவில்லை. அதைப் பிரித்தெடுத்தார், வளர்த்தார், உமிக்கரியில் கலந்து பொடியாக்கினார். கன்று நடும்போது கிழங்கில் அந்தப் பொடியைத் தூவினால் போதும் என்று பல தோட்டங்களில் பல ஆண்டுகள் நட்டுப் பார்த்து நிறுவினார்.

அதன்பின் அவர் செய்ததுதான் இன்றைய பேச்சு. ஆராய்ச்சி இதழில் முழுச் செய்முறையையும் வெளியிட்டார். கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் அந்த நுண்ணுயிரைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துத் தபாலில் அனுப்பினார். ஆராய்ச்சி இதழை விவசாயி படிக்க மாட்டார் என்பதால் தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சடித்தார். அச்சடித்த அப்பாத்துரை அண்ணாச்சி இங்கே இருக்கிறார். நானும் அன்று அச்சகத்தில் இருந்தேன். ஆகவே இது நான் காதால் கேட்டது.

புத்தகங்களில் 'உரிமை: ஆசிரியருக்கு' என்று போடுவார்கள் அல்லவா? தாணுமாலையன் தம் அறிக்கையின் கடைசி வரியாக 'உரிமை: யாருக்கும் உண்டு' என்று எழுதிக் கொடுத்திருந்தார். தாளின் அடியில் ஒரு வாழைத்தார்ப் படம் வைக்கச் சொல்லியிருந்தார். அச்சுக் கோத்தபோது இடம் பற்றவில்லை.

"சார், வாழைத்தார வச்சா 'உண்டு' நிக்காது. உண்ட வச்சா தார் நிக்காது. எது வேணும்?" என்றார் அப்பாத்துரை.

"எழுத்துத் தெரியாதவன் படத்தப் பாத்துத்தானே இது வாழை சமாச்சாரம்னு கண்டுக்கிடுவான்? தார் இருக்கட்டும் வே."

"அப்ப 'யாருக்கும்'னு மொட்டையா நிக்குமே."

"நிக்கட்டும். நம்ம ஊர்ல 'வீட்டுல சாப்பாடு யாருக்கும்'னா உண்டுன்னுதானே வே அர்த்தம்? இல்லைன்னு எந்தப் பாவி முடிப்பான்?"

அப்பாத்துரை சிரித்தார். நானும் சிரித்தேன். 'உரிமை: யாருக்கும்' என்று அறிக்கை வெளிவந்தது. அருகே வாழைத்தார் அழகாகத் தொங்கியது.

அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கோபாலசமுத்திரத்தில் ஆவுடைத்தாய் அவர்களின் தலைமையில் மகளிர் சங்கத்தார் ஒரு கொட்டகை போட்டார்கள். பொடி தயாரித்தார்கள். சுற்றுவட்டாரத்துக்குக் கொடுத்தார்கள். சாய்ந்த தோட்டங்கள் நிமிர்ந்தன.

பிறகு அந்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் வந்தார். இங்கே நான் மிகக் கவனமாகப் பேச வேண்டும். ஆராய்ச்சியை எடுத்து வியாபாரமாக்குவது குற்றமா? இல்லை. ஆய்வகத்தில் கிடப்பது ஊருக்குப் போக வேண்டுமானால் யாராவது மூட்டை கட்டத்தான் வேண்டும். கெடாமல் அடைக்கவும், தரம் பார்க்கவும், தூரத்து ஊர்களுக்குக் கொண்டு சேர்க்கவும் முதலும் உழைப்பும் வேண்டும். அதற்கு லாபம் எடுப்பதை நான் மறுக்கவில்லை, தாணுமாலையனும் மறுக்கவில்லை. வந்த அதிகாரிக்குக் காப்பி கொடுத்தார். கண்ணாடிக் குழாய் கொடுத்தார். "நல்லா செய்யுங்க. எங்க சைக்கிள் போகாத ஊருக்கு உங்க லாரி போவும்லா?" என்றார். அத்தோடு விடாமல் கோபாலசமுத்திரத்துக்கு அழைத்துப் போய்க் கொட்டகையையும் காட்டினார். ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று உமிக்கரியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னபோது அதிகாரி கைக்குட்டையைத் தேடினாராம். "சார் கைய நனைக்காமலே படிச்சிருவாவ போலிருக்கு" என்றாராம் ஆவுடைத்தாய். இது அவர் சொல்லக் கேட்டது.

உண்மைதான். கையை நனைக்காமலே படித்துவிட்டார்கள்.

அந்த நிறுவனம் அந்தப் பொடியைத் தயாரிக்கும் செய்முறைக்குக் காப்புரிமை பெற்றது. உமிக்கரிக்குப் பதில் வேறொரு தூளைச் சேர்த்ததாகவும், அதனால் இது தங்கள் கண்டுபிடிப்பு என்றும் சொன்னது. அந்தக் காப்புரிமை செல்லுமா செல்லாதா என்பதை நீதிமன்றத்தில் வாதிடுவேன். இங்கே வாதிட மாட்டேன். ஆனால் உரிமை பெற்றவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? புதிய ஊர்களுக்குப் போனார்களா? மருந்தே எட்டாத விவசாயியைத் தேடினார்களா? கோபாலசமுத்திரத்துக் கொட்டகைக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். 'எங்கள் செய்முறையைக் காப்பியடிப்பதை உடனே நிறுத்துக' என்று அனுப்பினார்கள். நகல் பேராசிரியருக்கு.

அவர் அதை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்.

"வே சிவசண்முகம், நான் காப்பியடிச்சேன்னு போட்டிருக்கான். யாரப் பாத்து அடிச்சேனாம்?"

"உங்களைப் பார்த்துத்தான்."

சிரித்தார். பிறகு நோட்டீஸை என் பக்கம் தள்ளிவைத்தார்.

ஆவுடைத்தாயும் வந்தார். "சார், இனிமே நாங்க இந்தப் பொடிய செஞ்சா போலீஸ் வருமா?" என்றார். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். "இங்கிலீஸ்ல வந்திருக்கே. நல்ல சேதிய எவன் சார் நமக்கு இங்கிலீஸ்ல அனுப்புதான்?" என்றார். ஊருக்குப் போய்க் கொட்டகையைப் பூட்டி, சாவியைப் பேராசிரியர் வீட்டில் அவர் மேசைமேல் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டு அய்யா. எங்ககிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

நோட்டீஸுக்குப் பதில் அனுப்பினேன். துண்டறிக்கையை இணைத்தேன். உங்கள் காப்புரிமைக்குப் பல ஆண்டுகள் முன்பே இது ஊரறிய வெளியிடப்பட்டது, யாரும் செய்துகொள்ளலாம் என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார் என்று சுட்டிக்காட்டினேன். அவர்கள் மறுமொழி அனுப்பினார்கள். அறிக்கையின் கடைசி வரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். பெரியோர்களே, 'உரிமை: யாருக்கும்' என்பதை அவர்கள் எப்படி மொழிபெயர்த்தார்கள் தெரியுமா?

'உரிமை: எவருக்கும் கிடையாது.'

ஆகவே இது உரிமையாளர் இல்லாத பொருள்; ஆசிரியரே கைவிட்ட பொருள்; கைவிட்டதை எடுத்துச் சீராக்கி உரிமை பெற்றோம் என்றார்கள். அதே வாதத்தை வைத்து வழக்கும் தொடர்ந்தார்கள்.

எந்தப் பாவி இல்லை என்று முடிப்பான் என்று கேட்டாரே, அவருக்குப் பதில் வந்துவிட்டது.

எல்லாருக்கும் உரியது வேறு. எவருக்கும் உரியதல்லாதது வேறு. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. அதன்மேல் யாரும் தம் பெயரை எழுதி வைக்கவில்லை. அதனால் அது கேட்பாரற்ற தண்ணீரா? தலைமடைக்காரர் எடுக்கட்டும், தம் வயலுக்குப் பாய்ச்சி நன்றாக விளைவிக்கட்டும், விற்றுப் பிழைக்கட்டும். ஆனால் கடைமடைக்காரரைப் பார்த்து, 'இது நான் எடுத்த தண்ணீர், நீ தொடாதே' என்று சொல்லலாமா? சொன்னால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? பாபநாசத்தில் இறங்கிப் புன்னக்காயலில் கடல் சேரும் வரை அந்த ஆற்றுக்குள்ள வழக்கம் அறிவுக்கு மட்டும் கிடையாதா? கொடுத்தவன் கதவைத் திறந்து வைத்தான் என்பதற்காக, உள்ளே வந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தவனையே வெளியே நிறுத்துவதற்குப் பெயர் புதுமையா?

அந்த நோட்டீஸ்தான் அவரைக் கொன்றது என்று சிலர் வெளியே பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாரடைப்பு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நிரூபிக்க இயலாததை நான் சொல்வதில்லை. ஆனால் சென்ற வாரம் அவர் என்னிடம் சொன்னதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. "வழக்குல தோத்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல வே. பங்குனில கன்னு வைக்கப் போறவன் பொடி கேட்டு வருவான். அந்தப் பொம்பளைங்க பூட்டின கதவு முன்னால நின்னு என்ன பதில் சொல்லுவாங்க?" தம் பெயரைப் பற்றி அவர் கேட்கவில்லை. பூட்டைப் பற்றித்தான் கேட்டார்.

அவர் கூண்டேறிச் சாட்சி சொல்வதாக இருந்தது. அந்த வரியை எழுதியவர் அவர். அதன் பொருள் என்ன என்று அவர் வாயாலேயே சொல்வதாக இருந்தது. அந்த வாய் மூடிவிட்டது. எதிர்த்தரப்புக்கு இது வசதி என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அனுப்பிய மலர்வளையம் இதோ இருக்கிறது. அட்டையில் 'விஞ்ஞான உலகுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். நோட்டீஸில் காப்பியடித்தவர், மலர்வளையத்தில் விஞ்ஞானி. இரண்டையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி நாம் செய்ய வேண்டியது.

பலர் என்னிடம் சிலை வைக்கலாம் என்றார்கள். கல்லூரியில் அவர் பெயரால் பரிசு வைக்கலாம் என்றார்கள். வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால், சண்முகசுந்தரி அம்மையார் இன்று வீட்டிலிருந்து எடுத்து வந்து அவர் படத்தின் முன்னால் வைத்திருக்கும் கொட்டகைச் சாவியைப் பாருங்கள். எந்த நீதிமன்றமும் இதுவரை அந்தக் கொட்டகையைப் பூட்டச் சொல்லவில்லை. தடை கேட்டிருக்கிறார்கள், தடை பிறக்கவில்லை. வக்கீல் எழுதியது நீதிபதியின் உத்தரவு ஆகாது. பூட்டியிருப்பது பயம். திறந்தால் என்ன ஆபத்து, வழக்கில் தோற்றால் என்னென்ன கேட்பார்கள் என்பதையெல்லாம் ஆவுடைத்தாய் அவர்களிடம் ஒன்று விடாமல் நேற்றே விளக்கிவிட்டேன். முழுவதையும் கேட்டார். "நீங்க சொல்லுதது வெளங்குது சார். வாழைக்கன்னுக்கு வெளங்குமா? அது பங்குனி வந்தா நடச் சொல்லும்" என்றார். முடிவு அவர்களுடையது. அவர்கள் முடிவெடுத்த பின் அவர்களுக்காக நிற்பது என் கடமை. கட்டணம் இல்லாமல் நிற்பேன்.

இன்னொன்று. அப்பாத்துரை அண்ணாச்சி துண்டறிக்கையை மறுபடி அச்சடிக்கிறார். தாளைக் கொஞ்சம் நீளமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன். வாழைத்தாரும் இருக்கும், விட்டுப்போன சொல்லும் இருக்கும்.

கடைசியாகக் கையொப்பம். பேராசிரியர் இனிச் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிக்கையைக் கொடுக்கும்போது அந்த வரிக்கு என்ன பொருள் என்று அவர் சொல்லக் கேட்டவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். இந்த உரையில் கையொப்பமிட்டு மேசைமேல் வைக்கிறேன். நேரில் கேட்டவர்கள் மட்டும், கேட்டதை மட்டும், தம் கைப்பட எழுதி ஒப்பமிடுங்கள். பிறர் சொல்லித் தெரிந்தவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். நீதிமன்றம் இதை எவ்வளவு ஏற்கும் என்று இப்போது நான் உறுதி சொல்ல மாட்டேன். இந்த மேடையிலிருந்து 'யாருக்கும்' என்று நான் சொல்லி, அடுத்த சொல்லை நீங்கள் முழங்கக் கேட்க எனக்கு ஆசைதான். கேட்க மாட்டேன். சாட்சிகளுக்கு வக்கீல் சொல்லிக்கொடுத்தார் என்ற பேச்சு வரக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த சொல் அது. நீங்களே எழுதுங்கள்.

தாணுமாலையன் அவர்களுக்கு என் அஞ்சலி.

பாளையங்கோட்டை,
1997, மாசி மாதம்.

(ஒப்பம்) ந. சிவசண்முகம், வழக்கறிஞர்

சாட்சிகள்:

அப்பாத்துரை, அச்சகம். எழுத்தைக் கோத்தவன் நான். இடம் இல்லாமல் எடுத்து வைத்த சொல்: உண்டு.

சண்முகசுந்தரி. என் கணவர் வீட்டில் எழுதியபோது எனக்கு வாசித்துக் காட்டினார். உண்டு என்றுதான் வாசித்தார்.

ஆவுடைத்தாய், கோபாலசமுத்திரம். யாருக்கும் உண்டு தாயி, போய் செய்யி என்று அய்யா என்னிடம் சொன்னார். சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.