ஓட்டுறவரின் பாரம்

அஜின்கோர்ட்டில் டொக்டரின் அறைக்கு வெளியே ஒரு கணவன், அவர் மனைவி, இருமிக்கொண்டிருந்த ஒரு ஐயா, கடைசிக் கதிரையில் நான்.

"கராஜில கட்டின பிளேனை நம்பி ஏறப் போறியள்," என்றார் மனைவி. நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"சனிக்கிழமை நான் தனியத்தானே பறக்கிறன். நீர் ஏன் பயப்பிடுறீர்?"

"அது எவ்வளவு பாரம் தாங்கும்?"

"ஓட்டுறவர் தொண்ணூறு கிலோவுக்கு மேல இருந்தா எழும்பக் கஷ்டப்படும். நான் எண்பத்திரண்டுதான்."

"உது எப்ப நிறுத்தது?"

"கட்டத் தொடங்கேக்க."

"அப்ப மூத்தவள் பள்ளிக்கூடமே போகேல்லை. இப்ப கார் ஓடுறாள்."

அவர் ஜாக்கெட்டை இழுத்து மூடினார்.

"பாரம் கூடும் எண்டு உள்ளுக்குப் பெயின்ற்கூட அடிக்கேல்லையப்பா."

"பெயின்ற்றை விட்டியள். கொத்துரொட்டியை விட்டனீங்களே?"

ஐயா இருமலுக்குள் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

நேர்ஸ் வந்து கணவனைக் கூப்பிட்டாள். தராசு கதவடியில்தான் இருந்தது. அவர் ஜாக்கெட், பெல்ட், சப்பாத்து, கார்த் திறப்பு எல்லாவற்றையும் மனைவியின் மடியில் வைத்துவிட்டுப் போய் ஏறினார். இலக்கத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

மனைவி எழும்பிப் போய்ப் பார்த்தார்.

"எவ்வளவப்பா?"

"நூற்றிமூண்டு."