புல்லாங்குழல் வர்ற இடம்

நடுவர் அவர்களே, மணியில கை வைக்காதீங்க... ஒரு குட்டிக் கதை பாக்கி இருக்கு, அதைச் சொல்லிட்டு இறங்கிடறேன். எனக்கு முன்னாடி தொண்ணூறுகளோட பாட்டுக்காகப் பேசின தம்பிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீங்கன்னு நான் கேட்கலை. அவர் டிவியில வர்றவர். நான் எப்பவும் கடைசி ஆள்... பந்தியில இலை போட்ட பிறகு மைக் கிடைக்கிறவன்.

எண்பதுகள்ல நாம எப்படிங்க பாட்டுக் கேட்டோம்? டீக்கடை வாசல்ல கேட்டோம். குடிச்சு முடிச்ச கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு, பாட்டு முடியட்டும்னு நின்னோம். கடைக்காரர் கிளாஸைத் திருப்பிக் கேட்கமாட்டார்... அவரும் கேட்டுக்கிட்டிருப்பார். எதிர்ல நம்ம பஸ் கிளம்பிப் போகும். போகட்டும்னு விட்டோம். மறுபடி கேட்கணும்னா அந்தப் பாட்டு அதுவா வரணும்... நாம கூப்பிட்டா வராது.

சரி, கதைக்கு வர்றேன். திருச்சி உறையூர்ல என் பக்கத்து வீட்டுக்காரர் மோகனரங்கம். பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பொண்ணு ரஞ்சனியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. பெண் வீட்டுப் பக்கம் ஆள் குறைச்சலா இருக்கக் கூடாதுன்னு என்னையும் உட்கார வெச்சிருந்தாங்க.

தரகர் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார். பையனோட அப்பாவுக்கு சினிமாக்காரங்க வீட்டு சம்பந்தமே ஆகாதாம், அதனால அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்கன்னு. ஏன் சொன்னார்? மோகனரங்கம் வாத்தியார் ஆகறதுக்கு முன்னாடி, எண்பதுகள்ல, மூணு படத்துக்கு இசையமைச்சவர். மூணு படமும் ஓடலை. ஒரே ஒரு பாட்டு மட்டும் ஓடுச்சு... இன்னைக்கும் ஓடுது. ஆனா ஊர்ல யாரைக் கேட்டாலும் அது வேற ஒரு பெரியவர் போட்ட பாட்டுன்னுதான் சொல்லுவாங்க.

பையன் நல்ல பையன். ரஞ்சனிக்குப் பிடிச்சுப் போச்சு, முகத்துலேயே தெரிஞ்சுது. வயசும் முப்பதை நெருங்குது. அந்த வீட்டுக்கு அவ்வளவு நாள் கழிச்சு வந்த நல்ல வரன்.

பையனோட அப்பா சபாபதி, ரிட்டயர்டு எஞ்சினியர். கேசரி வாயில இருக்கும்போதே, "வாத்தியார் பொண்ணு, ஒரு பாட்டுப் பாடும்மா. கீர்த்தனை எல்லாம் வேண்டாம்"னு சொல்லி, எந்தப் பாட்டுன்னு அவரே சொன்னார்.

எந்தப் பாட்டு? அதே பாட்டு.

ரஞ்சனி அப்பாவைப் பார்த்தா. அவர் தரையைப் பார்த்தார். அவ பாடினா. பல்லவி முடிஞ்சதும் சபாபதியால சும்மா இருக்க முடியலை... நடுவுல புல்லாங்குழல் வர்ற இடத்தை வாயாலேயே வாசிச்சுக் காட்டினார். தப்பா வாசிச்சார்.

நம்ம மோகனரங்கம்... முப்பது வருஷமா தன் பேரை எவனோ எடுத்துக்கிட்டுப் போனதைப் பொறுத்துக்கிட்ட மனுஷன். ஒரு ஸ்வரம் தப்பாப் போனதைப் பொறுக்க முடியலை. நாற்காலிக் கையில தாளம் போட்டு, மெதுவா, "அங்க கீழ இறங்காதுங்க... மேலேயே நிக்கும்"னு பாடிக் காட்டினார்.

சபாபதி விடலை. எனக்கே சொல்லித் தர்றீங்களான்னு சிரிச்சார். பையன் போன்ல போட்டுக் காட்டினான். வாத்தியார் சொன்னதுதான் சரி. அத்தோட முடிஞ்சிருக்கணும். ஆனா சபாபதிக்கு உற்சாகம் தாங்கலை. அந்தப் பெரியவர் பேரைச் சொல்லி, தொடையில தட்டிக் கேட்டார்...

"அவரைத் தவிர இன்னொருத்தனால இப்படி ஒரு இடம் போட முடியுமா? நீங்களே சொல்லுங்க வாத்தியாரே."

சமையலறை வாசல்ல ரஞ்சனியோட அம்மா காபித் தம்ளர்களோட அப்படியே நிக்கிறாங்க. "முடியாதுங்க"ன்னு வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தாம்பூலம் மாத்திடலாம். நான் மனசுக்குள்ள சொல்றேன், சொல்லித் தொலையும் ஐயா, எங்க எல்லாரையும் மாதிரி நீரும் சொல்லித் தொலையும்...

அவர் நிமிர்ந்து பார்த்தார். "முடிஞ்சுதுங்க"ன்னார்.

அப்புறம், "நான் போட்டதுங்க அது"ன்னார்.

சபாபதி என்ன கேட்டிருக்கணும்? எப்படிப் போட்டீங்க, வாசிச்சது யாரு... இத்தனை வருஷமா அந்தப் பாட்டைக் கொண்டாடினவர் இதைத்தானே கேட்கணும்? அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அப்ப நீங்க சினிமாவா?"

வீட்டுல பேசிட்டு போன் பண்றோம்னு எழுந்தாங்க. பையன் வாசல்ல திரும்பி ஒரு தடவை பார்த்தான். போன் வரலை.

அவங்க போனதும் அந்த அம்மா அழுதாங்க. ஒரு வார்த்தையை முழுங்கியிருந்தா பொண்ணு வாழ்ந்திருப்பாளேன்னு புருஷனைக் கேட்டாங்க. ரஞ்சனிதான் பதில் சொன்னா, கண்ணைத் துடைச்சுக்கிட்டே.

"அப்பா முழுங்கியிருந்தா, அந்த வீட்டுல நான் தினமும் முழுங்கணும்மா."

கைதட்டாதீங்க. இது கைதட்டற கதை இல்லை.

பெரியவங்களே, தாய்மார்களே... எண்பதுகளுக்கு நான் சொல்ற சாட்சி இந்த மோகனரங்கம்தான். படம் ஓடாம, ஆள் தெரியாம வீட்டுக்குப் போன ஒருத்தர் போட்ட பாட்டை, இருக்கறதுலேயே பெரியவர் போட்ட பாட்டுன்னு ஊரே நம்புது. அப்படின்னா அந்தக் காலத்துல இசையோட தரம் எந்த உயரத்துல இருந்திருக்கணும்? ஒருத்தர் ரெண்டு பேர் உயரமா இருந்தா அது அவங்க பெருமை. பேர் தெரியாதவனும் அந்த உயரத்துல நின்னா... அதுதாங்க அந்தப் பத்து வருஷத்தோட பெருமை.

ஆனா நாம என்ன செஞ்சோம்? பாட்டை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உட்கார வெச்சோம். போட்டவனை வாசலோட அனுப்பினோம்.

தீர்ப்பை நீங்க எந்தப் பக்கம் வேணும்னாலும் சொல்லுங்க நடுவர் அவர்களே, எனக்கு அது புதுசு இல்லை. ஆனா இங்க உட்கார்ந்திருக்கறவங்களுக்கு ஒண்ணு. இன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில ஒரு பழைய பாட்டு காதுல விழும். யார் போட்டதுன்னு பக்கத்துல இருக்கறவங்க கேட்பாங்க. தெரியலைன்னா, வாய்க்கு வந்த பெரிய பேரைச் சொல்லாதீங்க. தெரியலைன்னு சொல்லுங்க... அப்புறம், தேடுங்க.